தையல்காரம்மாவின் போன்

வெயில் ஏறியும் ஜன்னல் திறக்காத அறையில், படுத்தபடியே போதகர் போனை எடுத்தார். தினமும் கூப்பிடும் தையல்காரம்மாதான்.

“ஐயா, அந்தச் சகோதரருக்காக இன்னைக்கும் ஜெபம் பண்ணுங்க. மனசு உடைஞ்சு கிடக்காரு. யார்கிட்டயும் சொல்ல மாட்டேங்கிறாரு.”

போதகர் எழுந்து நின்று கண்களை மூடினார். “ஆண்டவரே, அவர் கையைப் பிடிச்சுத் தூக்கிவிடும். நீர் அவரைக் கைவிடலைன்னு அவருக்குத் தெரியட்டும்.”

“ஆமென்.”

“டாக்டர்கிட்டயும் கூட்டிட்டுப் போங்கம்மா. உங்க வீட்டுக்காரர்தானே?”

“அவரு கல்லுக்குண்டாட்டம் இருக்காரு. டாக்டர்கிட்ட நான் கூட்டிட்டுப் போறேன் ஐயா, நீங்க எப்போ கிளம்புறீங்க?”

“நானா?”

“பிரசங்கத்துல உங்க குரலே காட்டிக்கொடுக்குது. ஊருக்கெல்லாம் ஜெபிப்பீங்க, உங்களுக்குன்னு கேக்க மாட்டீங்க. அதான் உங்க வாயாலயே கேக்க வெச்சேன்.”

போதகர் போய் ஜன்னலைத் திறந்தார்.

“இன்னொரு தடவை ஜெபிக்கணும்மா. இந்தத் தடவை நீங்க பண்ணுங்க. நான் ஆமென் சொல்றேன்.”