சாலைக்கு அந்தப் பக்கம்

ஓயாமல் வந்துகொண்டிருந்தன மோட்டார் சைக்கிள்கள்.

நடைபாதை விளிம்பில் அவரும் அவளும் திகைத்துப்போய் நின்றார்கள். மகள் குடியிருப்பது எதிர்ச்சாரியில்தான். மாடியில் குழந்தைத் துணி காய்வதுகூடத் தெரிந்தது.

ஒருவன் ஆளுயரக் கண்ணாடியை முதுகில் கட்டிக்கொண்டு பறந்தான். இன்னொரு வண்டியில், பின்சீட்டில் ஒரு நாய் முதலாளி மாதிரி உட்கார்ந்து போனது.

சிக்னல் என்று ஒன்றை இந்த ஊரில் கேள்விப்பட்டதே இல்லை போல என்று அவர் முணுமுணுத்தார். டாக்சி பிடிக்கலாமா என்றார். எதிர்வீட்டுக்குப் போக டாக்சியா என்று அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவர் வீராப்பாக இறங்கினார். இறங்கிய வேகத்திலேயே ஏறிக்கொண்டார். அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

பக்கத்தில் பழம் விற்றுக்கொண்டிருந்த அம்மாள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்து வந்து தன் மொழியில் என்னவோ சொன்னாள். ஓடாதே, நிற்காதே, உன் பாட்டுக்கு நட என்று ஜாடை காட்டினாள். அப்புறம் அவர் கையைப் பிடித்தாள், அவள் கையைப் பிடித்தாள், இரண்டையும் கோத்துவிட்டு, முதுகில் கை வைத்து ஒரே தள்ளு.

நடந்தார்கள். வண்டிகள் இரண்டு பக்கமும் வழுக்கிக்கொண்டு விலகின. அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"நின்னுடாத. நின்னா ரெண்டு பேரும் காலி" என்றார் அவர்.

அந்தப் பக்கம் கால் பட்டதும் அவள் சிரிக்க ஆரம்பித்தாள். அவருக்கும் தொற்றிக்கொண்டது. கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்கள். எதிரே பழக்கார அம்மாள் கைதட்டினாள்.

குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கி வந்த மகள், கடைசிப் படியில் அப்படியே நின்றுவிட்டாள்.

அவள் போட்ட திட்டப்படி, அவளோடு தங்கியிருக்கும் அம்மா இன்னும் கடைத்தெருவில்தான் இருக்க வேண்டும். அந்த நேரம் பார்த்துத்தான் ஓட்டலில் தங்கியிருக்கும் அப்பாவைப் பேரனைப் பார்க்க வரச் சொல்லியிருந்தாள். விவாகரத்துக்குப் பிறகு இருவரும் முகம் பார்த்துப் பேசியதில்லை. அவள் கல்யாணத்துக்கே ஒருவர் முந்தின நாள், ஒருவர் மறுநாள் என்றுதான் வந்தார்கள்.

மகளின் பார்வை போன இடத்தை அம்மா கவனித்தாள். ஆனால் கையை விடவில்லை.

"உங்கப்பாவால இந்த ரோட்டைத் தனியா தாண்ட முடியாதுடி. சாயங்காலம் நானே கொண்டுபோய் விட்டுட்டு வரேன்."

நீ எப்படித் தனியாகத் திரும்பி வருவாய் என்று மகள் கேட்கவில்லை.