முதுகில் ஒரு நங்கூரம்

தையல்கள் எல்லாவற்றையும் வெட்டியாகிவிட்டது. உறை மட்டும் கம்பியை விடுவதாக இல்லை.

ஹலினா இடுக்கியால் அதன் விளிம்பைப் பிடித்து, விறைப்பாக இழுத்து வைத்துக்கொண்டு, கருவியின் நாக்கை உள்ளே நுழைக்கப் பார்த்தாள். நுழையவில்லை.

வலியை அடக்க முதுகெலும்புக்குள் போகும் மின்கம்பி சேமியா பருமன்தான் இருக்கும். அது நகராமல் இருக்க, மேலே ஒரு சிலிகான் குழாயை உறையாக மாட்டிச் சதையோடு சேர்த்துத் தைத்துவிடுவார்கள். அந்தக் குழாய்க்கு நங்கூரம் என்று பெயர்.

நோயாளி லெஷெக்கின் நங்கூரம் ஆறு வருடமாகத் தோலை உள்ளிருந்தே தேய்த்துக் காகிதம் போல ஆக்கியிருந்தது. தோல் திறந்தால் கிருமி புகும். கிருமி புகுந்தால் கம்பியையே எடுத்துவிட வேண்டும்.

எடுத்தால் மறுபடி வைக்க வழியில்லை. பழைய அறுவைச் சிகிச்சைகளின் தழும்பு அவனது முதுகெலும்புக்குள் பாதையை அடைத்துவிட்டிருந்தது.

அந்தக் கம்பி வருவதற்கு முன், ஒரு தட்டு சூப் குடித்து முடிக்கும்வரை அவனால் உட்கார முடிந்ததில்லை. இப்போது இலையுதிர்காலம் வந்தால் காட்டில் குனிந்து காளான் பறிக்கிறான்.

எனவே உறை வரவேண்டும். கம்பியில் ஒரு கீறல்கூட விழக்கூடாது.

உறையை உருவி எடுக்கவும் முடியாது. கம்பியின் மறுமுனை இடுப்பில் புதைத்த பேட்டரியில் செருகியிருக்கிறது. அதைத் திறந்தால் கிருமிக்கு இன்னொரு கதவு.

வெளியிலிருந்து கத்தி வைத்தால் உறை எங்கே முடிகிறது, கம்பி எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. அதற்காகத்தான் இந்தக் கருவி தலைகீழாக வேலை செய்கிறது. நகத்தைவிட மெல்லிய நாக்கு, உறைக்கும் கம்பிக்கும் நடுவே போகும். கத்தி அந்த நாக்கின் முதுகில், மேல்நோக்கி இருக்கிறது. கூர்முனை ஒருபோதும் கம்பியைப் பார்க்காது.

அருமையான யோசனை. நாக்கு உள்ளே போனால்.

கருவி வந்த பெட்டியின் மூடியில் படம் போட்டிருந்தது. தையலை வெட்டு, உறையை இழு, நாக்கை விடு. ஹலினா இன்னும் கொஞ்சம் இழுத்தாள்.

பச்சைத் துணிக்கு அடியிலிருந்து லெஷெக்கின் குரல் வந்தது.

"டாக்டரம்மா, குறுகுறுப்பு விலாவுக்கு வந்துடுச்சு."

ஹலினா இழுப்பதை நிறுத்தினாள்.

அவன் குப்புறப் படுத்து, விழித்துக்கொண்டுதான் இருந்தான். மின்சாரமும் ஓடிக்கொண்டிருந்தது. குறுகுறுப்பு இடது காலில் இருக்கும்வரை கம்பி தன் இடத்தில் இருக்கிறது என்று பொருள்.

ஹலினா பிடியை விட்டாள். குறுகுறுப்பு மெதுவாக இறங்குவதாகச் சொன்னான். இடுப்பு. முழங்கால். பாதம்.

இன்னொரு முறை கம்பி நகர்ந்தால் இடத்துக்குத் திரும்புமா என்று யாருக்கும் தெரியாது.

அவன் சும்மா இருக்கவில்லை. பிடி வழுக்குகிறதா, நாக்கு வளைகிறதா என்று காலையிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தான். பேஷண்டாக வந்தாரா இன்ஸ்பெக்டராக வந்தாரா என்று நர்ஸ் ரெனாத்தா சீண்டினாள். வெறும் வயிற்றோடு கிடக்கிறேன், மெல்லுவதற்கு வாயில் பேச்சாவது இருக்கட்டும் என்றான்.

அந்த அறையில் ஒரு வழக்கம். கம்பியை மறுபடி தொடுவதற்கு முன் மேல்கையுறையை மாற்றியே ஆகவேண்டும்.

ஹலினா பதற்றத்தில் கையுறையின் விரல்நுனியைப் பிடித்து இழுத்தாள். ரப்பர் நீண்டு, மெலிந்து, விரலைக் கவ்விக்கொண்டது. பலமாக இழுத்தாள். இன்னும் கவ்வியது.

நுனியை விட்டுவிட்டு, விரலின் அடியிலிருந்து ரப்பரை மேலே தள்ளினாள். அது குவிந்து, பருத்து, தானாகவே கழன்றது.

அவள் தன் விரலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிறகு ரெனாத்தாவிடம் பல்லில்லாத இரண்டு இடுக்கிகளை எடுக்கச் சொன்னாள். உறையின் ஒவ்வொரு முனைக்கும் ஒன்று. இரண்டையும் ஒன்றை நோக்கி ஒன்று, ஒரே அளவாக அழுத்த வேண்டும். ஒரு பக்கம் மிஞ்சினால் கம்பி நகரும்.

ரெனாத்தா மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்தினாள்.

உறை குட்டையானது. நடுவில் பருத்தது. ஓரம் லேசாக வாய் திறந்தது.

"எங்க இருக்கு?"

"கால்லதான்."

நாக்கு உள்ளே போனது. ஹலினா கருவியை முன்னால் நகர்த்தினாள். உறை மொச்சைத் தோல் போலப் பிளந்து விரிந்தது. கம்பி பளபளவென்று, முழுசாகக் கிடந்தது.

"இப்போ?"

"கால்லதான் டாக்டரம்மா. சுண்டுவிரல் வரைக்கும்."

ரெனாத்தாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. மூச்சோடு பேச்சும் வந்தது. மூடியில் படம் போட்ட மகராசன் கையில் கிடைத்தால் ஒரு வாரத்துக்கு இங்கே நிற்க வைப்பேன் என்றாள்.

துணிக்கு அடியில் சத்தமே இல்லை.

ஹலினா குனிந்து, வலிக்கிறதா என்று கேட்டாள்.

"இல்ல. அந்தப் படம் நான் போட்டது. கருவியும் எங்க பட்டறையில நான் செஞ்சதுதான். சொன்னா உங்க கை நடுங்கும்னு சொல்லல."

ரெனாத்தா இடுக்கிகளைத் தட்டில் வைத்தாள்.

பட்டறை மேசையில் வைத்துப் பார்த்தபோதெல்லாம் இழுத்ததும் நுழைந்ததாகச் சொன்னான். புதுக் கம்பி, புது உறை. ஆறு வருடம் உடம்புக்குள் கிடந்த உறை அவனுக்கு எங்கே கிடைக்கும்?

பிறகு, நீங்கள் என்ன செய்தீர்கள், எனக்கு எதுவும் தெரியவில்லையே என்று கேட்டான்.

ஹலினா ஊசியில் நூலைக் கோத்தபடி சொன்னாள்:

"இழுத்தா மெலிஞ்சு இறுக்குது. இழுக்கக் கூடாது. ரெண்டு முனையையும் சமமா உள்பக்கம் அழுத்தணும். குட்டையாகி வாயைத் திறக்கும். அப்போ நாக்கை விடணும்."