கோழி வேண்டாம்

"கோழிய அறுக்காத செல்லசாமி. நாங்க மரக்கறிக்கு மாறிட்டோம்."

செல்லசாமி கையில் கோழியைப் பிடித்தபடியே நின்றார்.

"எப்பருந்துடா?"

"இப்பத்தான்" என்றார் பழனியாண்டி.

ஒரேயடியாக இந்தியாவுக்குப் போகிறவர்களை நெருங்கிய வீட்டார் கூப்பிட்டுச் சோறு போடுவது அந்தத் தேயிலைத் தோட்டத்து வழக்கம். கோழிக்குழம்பு இல்லாவிட்டால் அதை விருந்து என்று யாரும் சொல்லமாட்டார்கள். பழனியாண்டி குடும்பம் கப்பலுக்குப் புறப்பட இன்னும் இரண்டே நாள்.

"நுவரெலியாவுக்கு வந்த சாமியார் பேச்சக் கேட்டு நீயும் ஆரம்பிச்சிட்டியா? கங்காணி கறிய விட்டாரு, கணக்கப்புள்ள விட்டாரு, இப்ப நீ!"

"உடம்புக்கு நல்லதாம்ப்பா."

"போன தீவாளிக்கு ஆட்டுத்தலைக்குச் சண்ட போட்டவன் பேசுற பேச்சா இது?"

செல்லசாமியின் மனைவி பூரணி இடுப்பில் பிள்ளையோடு எட்டிப் பார்த்தாள்.

"அண்ணே, கப்பல் ஏறுறதுக்கு முன்னாடியே ஐயராயிட்டீங்களா?"

லயத்து வரிசையில் பக்கத்து வீடுகளெல்லாம் சிரித்தன. பழனியாண்டி அலுப்போடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"பருப்பும் பூசணிக்காயும் போதும் புள்ள."

செல்லசாமி பிடியை விட்டார். கோழி கத்திக்கொண்டே தேயிலைக்குள் ஓடியது.

"புரியுதுடா. எங்க வீட்டுக் கறி ஒனக்கு எளப்பமாயிருச்சு. அங்க போயி பெரிய சாதின்னு சொல்லிக்க இப்பவே பழகுற. ஒரே மலையில தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டினவங்கடா நாம!"

பழனியாண்டி பருப்புச் சோற்றை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார். செல்லசாமி பக்கத்தில் வந்து உட்காரவில்லை.

புறப்பட்ட அன்று லயமே தலவாக்கலை ஸ்டேஷனுக்கு வந்து அழுதது. செல்லசாமி மட்டும் வரவில்லை. ரயில் நகரும்வரை பழனியாண்டி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஹட்டன் தாண்டியதும் அவர் மனைவி வேலாயி சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தாள். கருவாட்டு வாசம் பெட்டி முழுக்கப் பரவியது. பழனியாண்டி பிசைந்து ஒரு வாய் வைத்தார். மிச்சத்தை அப்படியே மடித்து வைத்தார்.

"இனிமே அந்த மூஞ்சிய எங்க பாக்கப் போறோம்? கோவத்தோடயே விட்டுட்டு வந்துட்டீங்களே. நெசத்தச் சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா அந்த நிமிசமே அறுத்திருப்பான்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"மத்த கோழியெல்லாம் நமக்கு முன்னாடி இந்தியா போனவங்களுக்கே விருந்தாயிருச்சு வேலாயி. அவன் புள்ளைக்கு முட்டை போட மிச்சம் இருந்தது அது ஒண்ணுதான்."