ரெண்டாவது சீசன் தேறுமா?

இதில் ஒரு சிரிப்பு இருக்கிறது. சத்தியமாக இருக்கிறது. ஆனால் இப்போது கிடையாது. முதலில் ஜெராக்ஸ் சிரித்து முடிக்கட்டும்.

ஜெராக்ஸுக்குப் பதினாறு வயது. யார் குரலாக இருந்தாலும் ஒரு தடவை கேட்டால் போதும், அப்படியே நகலெடுத்துவிடுவாள். தலைமையாசிரியை குரலில் மைக்கில் பேசி, பள்ளிக்கூடத்துக்கே அரைநாள் லீவு விட்டவள். பட்டப்பெயர் அன்றுதான் கிடைத்தது. மூன்று நாள் சஸ்பென்ஷனும்.

"இது யார் வீட்டுப் புத்தியோ!" என்று அப்பா அன்று கத்தினார். அம்மா வாயே திறக்கவில்லை. அவள் எப்போதுமே அப்படித்தான்.

இப்போது வீட்டில் வேறு தலைவலி. அப்பாவும் மாமாவும் பேசி நாலு மாதம் ஆகிறது. காரணம் சொத்துமில்லை, சோறுமில்லை. ஒரு வெப் சீரிஸ்.

'ஏழாவது மாடி' என்று ஒரு சதிகாரக் கும்பல் கதை. ஆறு மாடிக் கட்டடத்தில் யாருக்கும் தெரியாமல் ஓர் ஏழாவது மாடி. அதைத் தேடி, நீளக் கோட்டோடு லிஃப்டிலேயே குடியிருக்கும் ஒரு துப்பறிவாளன். அப்பா தையல்காரர். கோட்டுக்காகப் பார்த்தார். அம்மாவின் தம்பியான மாமா லிஃப்ட் மெக்கானிக். லிஃப்டுக்காகப் பார்த்தார். ஞாயிறு தவறாமல் ஒரே சோபாவில்.

அவசர ஆர்டர் ஒன்றால் கடைசி எபிசோடை மட்டும் அப்பா தவறவிட்டார். மாமா நேரே தையல்கடைக்கு வந்து, "அத்தான்! ஏழாவது மாடியில உக்காந்து எல்லாரையும் ஆட்டிவெச்சது அவன் பொண்டாட்டிதான்! புரியுதா?" என்று போட்டு உடைத்துவிட்டார்.

"இனிமே என் வாசப்படி மிதிக்காதே."

"மிதிச்சா ஏன்னு கேளுங்க."

இரண்டும் இறங்கி வருகிற ரகமில்லை. கை மாற்றித் தைத்த சட்டையை, "இப்ப இதான் ஸ்டைல்" என்று வாடிக்கையாளரையே நம்பவைத்தவர் அப்பா. லிஃப்டில் மூன்று மணி நேரம் மாட்டிக்கொண்டவர்களிடம், "ஓசியில ரெஸ்ட் கிடைச்சுதுல்ல?" என்று கேட்டவர் மாமா.

அம்மாவோ, மாமா வழக்கமாக உட்காரும் சோபா மூலையைத் தினம் ஒரு தடவை தட்டிச் சரிசெய்வாள். அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை அம்மா கீழ்வீட்டுக்குப் போயிருந்தபோது வீட்டு போன் அடித்தது. கரகரவென்று ஓர் ஆண் குரல்.

"லிஃப்ட் கம்பெனி மேனேஜர் பேசறேன். விலாசம் சரிபார்க்கணும். உங்க மாமாவுக்குத் திங்கக்கிழமையிலேர்ந்து வெளியூர் பிராஞ்ச். நாங்களே சொல்லிக்கறோம், நீ உளறிவைக்காதே."

ஜெராக்ஸுக்குப் பகீரென்றது. சமாதானம் ஆகாமலே மாமா ஊரைவிட்டுப் போய்விட்டால் அம்மா என்ன ஆவாள்? உடனே களத்தில் இறங்கினாள்.

புதன்கிழமை. அப்பா குளிக்கப் போன நேரம், அவர் போன். வாயில் நாலு குண்டூசியைக் கவ்வியதுபோல உதட்டைக் குவித்தாள்.

"மாப்ளே... தப்பு என்னோடதுதான். ஞாயித்துக்கிழமை வா. ரெண்டாவது சீசன் வந்திருக்கு. சேர்ந்து பாக்கலாம்."

அந்தப் பக்கம் ஏதோ ஒரு லிஃப்ட் கதவு மூடும் சத்தம். பிறகு, "சரிங்க அத்தான்."

வியாழக்கிழமை மாமா வீடு. மூட்டை முடிச்சு எதையும் காணோம். பாவம், அவருக்கே இன்னும் தெரியாது போலிருக்கிறது. அவர் போனை அமுக்கிக்கொண்டு தெருமுனைக்கு ஓடினாள். நாலு மாடி கீழே நிற்பவனிடம் பேசுகிற தொண்டை மாமாவுக்கு.

"அத்தான்! என் வாய்தான் எனக்குச் சத்துரு! மன்னிச்சிடுங்க! ஞாயித்துக்கிழமை வர்றேன்! புரியுதா?"

"ம்" என்றார் அப்பா.

ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தார். "வா" என்றார் அப்பா. "வந்தேன்" என்றார் மாமா. அம்மா தம்பியை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, டீ போட உள்ளே போனாள். ஜெராக்ஸ் சோபாவுக்குப் பின்னால் குந்தி, தலையணையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள்.

நான் சொன்ன சிரிப்பு இதுவல்ல.

முதல் எபிசோடு பாதி ஓடியது. துப்பறிவாளன் பழைய எதிரியின் கையைப் பிடித்துக்கொண்டு, 'தப்பு என்னுடையது, மன்னித்துவிடு' என்றான். அப்பா படத்தை நிறுத்தினார்.

"என்ன மாப்ளே, தேறுமா?"

"லிஃப்ட் அதேதான். கதவு மூடற சத்தம்கூட மாறலை."

"கோட்டும் அதேதான். காலர் மடிப்புகூட மாறலை. குரலும் அச்சு அசல்."

"ஆனா இவன் மன்னிப்பு கேக்கற ஆளா, அத்தான்?"

"செத்தாலும் கேக்கமாட்டான். குரலைப் பிடிச்சவங்க ஆளைக் கோட்டை விட்டுட்டாங்க."

"எனக்கும் புதன்கிழமை இப்படித்தான் ஒரு போன் வந்துச்சு."

"எனக்கு வியாழக்கிழமை."

தலையணை நழுவியது. இரண்டு தலைகளும் சோபாவுக்கு மேலாக எட்டிப் பார்த்தன.

"அப்ப... தெரிஞ்சேதான் ரெண்டு பேரும்...?"

"எங்களுக்கு அதெல்லாம் சொல்ல வராதும்மா" என்றார் அப்பா, கழுத்திலிருந்த இன்ச் டேப்பைச் சுருட்டிக்கொண்டே. "யாராவது சொல்லித்தானே ஆகணும்."

"பின்னே என்ன செய்யறது? நாளைக்கு மாமா வெளியூர் போறாரே!"

"நானா? எந்த ஊருக்கு?" என்றார் மாமா.

"உங்க மேனேஜர் போன் பண்ணாரே! கரகரன்னு ஒரு குரல்ல..."

"எங்க மேனேஜர் ஒரு பொம்பளை, புரியுதா?"

ஜெராக்ஸ் எழுந்து நின்றாள். அப்போது சமையலறையிலிருந்து கரகரவென்று ஓர் ஆண் குரல் வந்தது.

"டீ ஆறுது. விலாசம் சரிதானே?"

ஜெராக்ஸ் மெதுவாகத் திரும்பினாள்.

கையில் நாலு டம்ளரோடு, ஒன்றுமே தெரியாத முகத்தோடு, சமையலறை வாசற்படியில் அசல் நின்றுகொண்டிருந்தது.