பதினேழாவது மே

கத்தரீனாவின் மகன் டானியல் நாலு வயதில் இறந்து இந்த மே மாதத்தோடு பதினேழு வருசம். ரண்டர்ஸ் நகரச் சேமக்காலையில் அவனுடைய கல்லறையைச் சுற்றி மட்டும் மண் துளைதுளையாகக் கிடந்தது.

கூட வந்த துவாரகா உயிரியல் படிப்பிக்கிறவள். புல்லில் பூச்சி கழற்றிப் போட்ட கோது ஒன்றை எடுத்துப் பார்த்தாள்.

“சில்வண்டு, அன்ரி. பதினேழு வருசம் மண்ணுக்குள்ள வளர்ந்து மேல வரும். வந்தால் நாலு கிழமைதான் சீவியம், ஒரு மாசம்கூட இராது. ஆனா இது அமெரிக்காவில மட்டும்தான் இருக்கிறது. இங்க எப்பிடி வந்தது?”

கத்தரீனா வீட்டுக்கு வந்தாள். குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு வாலிபன் நின்றான். உடம்பெல்லாம் பால்வெள்ளை, ஈரம். கண்கள் டானியலுடையவை. அவள் கை நீட்டினாள்.

“தொடாதேங்கோ அம்மா. தோல் இன்னும் இறுகேல்லை.”

“சரி அப்பு,” என்றாள். பிறகு வேலையிடத்துக்குப் போன் எடுத்து, நாலு கிழமை லீவு கேட்டாள்.