ஜனவரிக்குப் போய் வந்த சர்வர்

“ஏத்தா பிரீத்தி, உன் வகுப்புல இன்னும் பழசேதான் வருதாமே?”

மாடிப்படி ஏறி வந்த மூச்சு அடங்குவதற்குள் பொன்னுத்தங்கம் கேட்டது இதைத்தான். உறை மோர் வாங்க வந்தது அதற்குப் பிறகுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது. காலையில் கறிவேப்பிலை, மத்தியானம் கத்தரிக்கோல், இப்போது மோர். எதிர்வீட்டு அத்தைக்கு அன்றைக்கென்று பார்த்து எல்லாமே தீர்ந்து போயிருந்தது.

“உங்களுக்கு யாரு அத்தை சொன்னது?” பிரீத்திகா கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“இந்தத் தெருவுல எவ தும்முனாலும் எனக்குக் கேக்கும். இது கேக்காதா?”

அது நிஜம்தான். எந்தக் கம்பெனியில் ஆர்டர் நின்றது, யார் மருமகள் எந்த பஸ்ஸில் கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போனாள் என்பதையெல்லாம் பொன்னுத்தங்கத்திடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். கேட்காமலும் தெரிந்துகொள்ளலாம்.

பிரீத்திகாவின் மாமனார் சீனிவாசகத்துக்குத் திருத்தங்கலில் காலண்டர் அச்சகம். கல்யாணமாகி வந்த கையோடு அச்சகத்துச் சர்வர் கம்ப்யூட்டரிலேயே பிரீத்திகா ஒரு வகுப்பு தொடங்கியிருந்தாள். கல்யாணப் பத்திரிகை, காலண்டர் எல்லாம் டிசைன் செய்ய வீட்டிலிருந்தே இன்டர்நெட்டில் படிக்கலாம். இன்றைக்குத்தான் பரீட்சை. சாயங்காலம் ஆறு மணியோடு முடிகிறது. கேள்விகளை அவள் நேற்றே ஏற்றிவிட்டாள். ஆனால் யார் திறந்தாலும் ‘தேர்வு அடுத்த வாரம்’ என்று போன வாரத்துப் பக்கமே வந்து பல்லிளித்தது.

மாமனார் காலையிலேயே சொல்லிவிட்டார். “பரீட்சைய ஒழுங்கா நடத்திக் காட்டும்மா. இல்லன்னா வகுப்ப மூடிட்டு, ஆபீசுல பில்லு போட வந்துரு.”

“கோளாறு என்னங்கேன்?” பொன்னுத்தங்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“சர்வரு ஒருக்க எடுத்த பக்கத்த நகலா வச்சுக்கிரும் அத்தை. யாரு கேட்டாலும் அந்த நகலத்தான் நீட்டும். அதுக்கும் வேலை மிச்சம், பக்கமும் சீக்கிரம் வரும்.”

“நேத்து வச்ச கொழம்பச் சுட வச்சு ஊத்துதுன்னு சொல்லு.”

பிரீத்திகாவுக்கு அந்தத் தவிப்பிலும் சிரிப்பு வந்தது. “அதேதான். ஆனா புதுக் கொழம்பு வச்சா, பழசக் கொட்டிரணும்ல? எது புதுசுன்னு தேதியப் பாத்துத்தான் அது முடிவு பண்ணும். இது கொட்டவே மாட்டேங்குது.”

“இதுக்குத்தான் என் மவன் வாங்கிப் போட்ட கம்ப்யூட்டர் பொட்டிய நான் துணி போட்டு மூடி வச்சிருக்கேன்.”

பிரீத்திகா கேள்விகளை மறுபடி ஏற்றிப் பார்த்தாள். சர்வரை நிறுத்தி, திரும்ப ஓடவிட்டாள். ‘தேர்வு அடுத்த வாரம்.’ பொன்னுத்தங்கம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து உச்சுக் கொட்டினாள்.

“உன்னச் சொல்லி என்ன புண்ணியம்? உங்க மாமா ஆபீசே கிறுக்குப் பிடிச்சு அலையுது. ஆடிப் பதினெட்டுக்கு, ஆர்டர் பிடிக்க மாதிரி காட்டுத காலண்டர் ஆல்பம் வெளிய வரணும்ல. நாளும் கெழமையும் சரியா விழுதான்னு பாக்க, அங்கன கம்ப்யூட்டர் பாக்குத சோலைச்சாமி, இருக்க அம்புட்டுப் பொட்டியிலயும் அடுத்த வருசத் தேதிய வச்சுட்டானாம். போன வாரம் ஒரு நாள் பூரா உங்க ஆபீசுல ஜனவரியாம்! பைண்டிங்குக்குப் போற செல்லக்கனி சொல்லிச் சொல்லிச் சிரிக்கா.”

பிரீத்திகாவின் விரல்கள் அப்படியே நின்றன.

“அம்புட்டுப் பொட்டியிலயுமா?”

பதிலுக்குக் காத்திராமல் போனை எடுத்தாள். “சோலைச்சாமியண்ணே, சர்வர்லயும் தேதிய மாத்துனீகளா?”

“ஆமாம்மா. சாயங்காலமே திருப்பி வச்சுட்டேனே!”

அவர் தேதியைத்தான் திருப்பி வைத்தார். அன்றைக்குச் சர்வர் எடுத்து வைத்த நகல்களின் மேல் விழுந்த 2009 ஜனவரி அப்படியே இருந்தது. ஜனவரியைக் கையில் வைத்திருக்கும் சர்வர், பிரீத்திகா ஜூலையில் ஏற்றியதை எப்படிப் புதுசு என்று நம்பும்? காலண்டர் அடிக்கிற ஊரில் மட்டுமே வரக்கூடிய வியாதி. அதைப் போனில் கேட்ட ஒரே கேள்வியில் பிடித்துவிட்டாள் இந்தப் பெண்!

நகல்கள் அத்தனையையும் அழித்தாள். பக்கத்தைத் திரும்பக் கேட்டாள். ‘தேர்வைத் தொடங்கலாம்’ என்று வந்து நின்றது.

“வந்துருச்சு அத்தை!”

“அடியாத்தி!” பொன்னுத்தங்கம் இரண்டு கையாலும் அவள் கன்னத்தை வழித்துச் சொடுக்கினாள். தெருவில் ஒருத்தரையும் குறை சொல்லாமல் விடாத வாய் அது. “ஒன்னையவா பில்லு போடக் கூப்புடுதாரு? வரட்டும், நான் கேக்கேன் அந்த மனுசன.”

சொன்னவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு விறுவிறுவென்று படியிறங்கத் தொடங்கினாள்.

“இருங்கத்தை, நீங்க சொல்லலைன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காது. ஒரு வாய் காப்பியாவது குடிச்சிட்டுப் போங்க.”

“காப்பிக்கு இப்ப எங்கத்தா நேரம்? மணி அஞ்சாச்சு, நான் எப்பப் பரீட்சை எழுதி முடிக்க?” பாதிப் படியிலிருந்து குரல் மட்டும் வந்தது. “வேற பேருல சேந்திருக்கேன்ல, மொத மார்க்கு எந்தப் பேருக்கு விழுதுன்னு பாரு தாயி, அது நாந்தான்!”