கட்டை முடி

2012 தை மாதத்துச் சனிக்கிழமை, சலூன் திறந்து சற்று நேரம்தான் ஆகிறது. பாரிசின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலின் குளிர் கண்ணாடிக் கதவில் புகையாகப் படிந்திருக்கிறது. போர் முடிந்தபின் வன்னியிலிருந்து வந்த சுகிர்தா இங்கே முடிவெட்டப் பழகுகிறாள். இன்றைய வெட்டு சரியாக வந்தால் திங்கட்கிழமையிலிருந்து அவளுக்கு வேலை. கதிரையில் அனோஜா காலாட்டிக்கொண்டிருக்கிறாள். பாரிசில் பிறந்தவள், பதினாறு வயது. “பொடியன் மாதிரிக் கட்டையா வெட்டுங்கோ அக்கா. அம்மா கத்தட்டும்.” “கத்தினா என்னட்டை அனுப்பு,” என்று தொழில் பழக்குகிற தர்மிளா சிரிக்கிறார். வெளியே பாலத்தின்மேல் மெட்ரோ ஓடுகையில் தட்டிலுள்ள சீப்புகள் அதிர்கின்றன. ஈர முடி தோளில் வழுக்கித் தரையில் விழுகிறது. வெயில் படாத பிடரி கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வருகிறது. சுகிர்தாவின் தங்கைக்கும் அப்போது பதினாறுதான். புலிகள் இயக்கம் சண்டைக்குப் பிடித்துக்கொண்டுபோய் அவளுடைய முடியை வெட்டியது. அது வளருமுன் போர் முடிந்தது. சோதனைச்சாவடியில் கட்டை முடிப் பெண்களை இயக்கக்காரிகள் என்று ஆமிக்காரர் வேறு வரிசைக்கு இழுத்தபோது தங்கையும் போனாள். திரும்பவில்லை. கத்தரியின் நுனியை மட்டும் பார்த்துச் சுகிர்தா வெட்டி முடிக்கிறாள். பிசகில்லாத வெட்டு. துவாயால் கழுத்தைத் துடைத்துவிடுகிறாள். அனோஜா கண்ணாடிக்குள் அவளுடைய கண்களைத் தேடுகிறாள்.

“ஏனக்கா என்னைப் பாக்கிறீங்களில்லை? வடிவில்லையோ?”